முதல் மாடியை அளந்தவர்

இதில் எனக்கே சந்தேகம் உள்ள இடங்கள் இருக்கின்றன. அன்று சௌந்தரராஜன் போட்டிருந்தது வெள்ளைச் சட்டையா, நீலச் சட்டையா என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. மீட்டர் அறைச் சுவரில் இருந்தது ஜன்னலா, வெறும் துவாரமா என்பதும் அப்படித்தான். ஆறு வருடங்களாக மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் ஓரங்கள் தேய்ந்துவிட்டன. நடுவில் இருப்பது மட்டும் தேயவில்லை. அது நடந்தது. நானும் அவனும் தோளோடு தோள் உட்கார்ந்து பார்த்தோம். ராத்திரி அல்ல. மே மாத வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

1983ஆம் வருடம். மழை பொய்த்து, அணைகள் வறண்டு, தினமும் மின்வெட்டு. நானும் சௌந்தரராஜனும் மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்துறை விரிவுரையாளர்கள். ஒரு கட்டிடத்துக்குள் போகிற மின்சாரம் எந்த அறையில் எவ்வளவு செலவாகிறது, எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. அந்த நாளில் இது புதிய விஷயம். பலர் சிரித்தார்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்டது தல்லாகுளத்தில் இருந்த ஒரு கூட்டுறவு நிறுவனத்தின் பழைய கட்டிடம். கீழ்த்தளம், அதற்கு மேல் இரண்டு மாடி. இரண்டடி கனச் சுவர்கள். உள்ளே நுழைந்தால் தெருச் சத்தம் சட்டென்று அறுந்துவிடும். எனக்கு அது பிடித்திருந்தது. பேச்சில்லாத இடங்கள் எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றுவரை பிடித்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வேலைமுறை இதுதான். படிக்கட்டுக்குக் கீழே சின்ன மீட்டர் அறை. மீட்டருக்குள், சுற்றை எண்ண ஓரத்தில் கறுப்புக் கோடு போட்ட ஓர் அலுமினியத் தட்டு. மின்சாரம் செலவானால் அது சுற்றும். அதிகம் செலவானால் வேகமாகச் சுற்றும். ஒன்றுமே செலவாகாவிட்டால் நின்றுவிடும். கட்டிடம் முழுவதும் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிடுவோம். ஒருவன் கீழே தட்டின் முன்னால் ஸ்டாப் வாட்சுடன் உட்காருவான். இன்னொருவன் சாவிக்கொத்துடன் மேலே போவான். ஓர் அறையைத் திறந்து, அங்குள்ள விளக்கு, விசிறி எல்லாவற்றையும் மூன்று நிமிடம் போடுவான். அணைப்பான். பூட்டுவான். அடுத்த அறைக்குப் போவான். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு அறையாக. கடைசியில் மீட்டர் அறையில் இருக்கும் ஒரே ஒரு அறுபது வாட் பல்பு. அதோடு முடிந்தது.

கீழே இருப்பவனுக்கும் மேலே இருப்பவனுக்கும் பேச்சே தேவையில்லை. தட்டு நின்றால் அவன் நடக்கிறான். தட்டு சுற்றினால் ஓர் அறைக்குள் இருக்கிறான். இருட்டு அறையில் டார்ச் வெளிச்சத்தில் அந்தத் தட்டைப் பார்த்தபடியே என்னால் அவன் பின்னால் நடந்து போக முடியும்.

ஒரே ஒரு விதி. கீழே இருப்பவன் எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. தலைக்கு மேல் இருக்கும் பல்பைக்கூட. தொட்டால் அளவு கெட்டுவிடும்.

அந்த ஞாயிறு எங்கள் கடைசி நாள். மறுநாள் அங்கே வயரிங்கைப் பிடுங்கிப் புதிதாகப் போட ஆள் வருகிறார்கள். பகல் ஒரு மணிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த வாரமே கட்டுரை டில்லியில் உள்ள பொறியாளர் சங்கத்துக்குப் போயாக வேண்டும். எனக்கு அது ஒரு கட்டுரை. சௌந்தரராஜனுக்கு அப்படி அல்ல. அவன் தற்காலிக விரிவுரையாளன். கட்டுரைக்கு அங்கீகாரம் கிடைத்தால் வேலையை நிரந்தரமாக்குகிறோம், இல்லாவிட்டால் அடுத்த வருடம் இடமில்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. முனிச்சாலையில் அவன் மாமனாருக்குச் சாயப்பட்டறை. வேலை போனால் மருமகன் அங்கே வந்து உட்காரட்டும் என்று அவர் நாற்காலி போட்டு வைத்திருந்தார்.

“நூலுக்குச் சாயம் போடுறது கேவலமில்ல மாப்ள” என்று அன்று காலை ஸ்கூட்டரில் வரும்போது சொன்னான். “எங்க ஆளுக முக்காவாசிப் பேரு அதுலதான் சாப்பிடுறாங்க. ஆனா அந்தாளு தினமும் என்னைப் பாத்துச் சிரிப்பாரு பாரு. அதைத்தான் தாங்க முடியாது.”

வாசலில் காவல்காரர் காசிமாயன் வேப்பமரத்து நிழலில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். “வாங்க சார். ஆளில்லாத ரூமுல ஃபேனப் போட்டு யாருக்குக் காத்து வீசுறீக? செவுத்துக்கா?” என்றார்.

“ஒங்களுக்கும் ஒரு ரூம் போடவாண்ணே?” என்றான் சௌந்தரராஜன்.

“எனக்கு இந்த மரம் போதும்யா.”

பதினொரு மணிக்கு ஆரம்பித்தோம். நான் கீழே. அவன் மேலே.

இரண்டாம் மாடி ஒழுங்காகப் போனது. தலைக்கு மேல் எங்கோ அவன் செருப்புச் சத்தம், சாவிச் சத்தம். தட்டு சுற்றியது, நின்றது, சுற்றியது. அந்த ஊர் மின்சாரம் ஒரு நிலையில் நிற்காது. ஒரே மாதிரி அறைகளிலும் ஒரு சுற்றுக்குப் பதினேழு வினாடி ஆகும், இருபதும் ஆகும். சௌந்தரராஜனும் மூன்று நிமிடத்தைச் சரியாகப் பிடிக்க மாட்டான். சில அறையில் ஐந்தாறு வினாடி முன்னால் அணைப்பான், சில அறையில் பின்னால். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தேன்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாம் மாடி முடிந்தது. தட்டு நின்றது. இறங்கி வருகிறான் என்று நினைத்தேன்.

தட்டு நின்றபடியே இருந்தது. ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... உட்கார்ந்து மூச்சு வாங்குகிறான் போலும். அறை அடுப்பு மாதிரி இருந்தது. கழுத்தில் இறங்கும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

சரியாகப் பன்னிரண்டு பத்துக்குத் தட்டு அசைந்தது.

முதல் மாடி, முதல் அறை. இரண்டு விசிறி, ஒரு டியூப்லைட். பதினெட்டு வினாடிக்கு ஒரு சுற்று. எழுதினேன். அடுத்த சுற்று, பதினெட்டு. அதற்கடுத்தது, பதினெட்டு. பரவாயில்லையே என்று நினைத்தேன். மூன்று நிமிடத்தில் தட்டு நின்றது. அரை நிமிடம். மறுபடி சுற்றியது. இரண்டாவது அறை. பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டு. மூன்று நிமிடம். நின்றது.

நான்காவது அறை முடிந்தபோதுதான் ஸ்டாப் வாட்சை ஒருமுறை உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு அறையும் மூன்று நிமிடம். ஒரு வினாடி கூடவில்லை, குறையவில்லை. நடுவில் அரை நிமிடம். அதுவும் மாறவில்லை. ஆனால் நான்காவது அறைக்கும் ஐந்தாவது அறைக்கும் நடுவே ஒரு நீண்ட வராந்தா உண்டு. அதைக் கடந்து போகக் கூடுதல் நேரம் ஆக வேண்டும்.

ஐந்தாவது அறை அரை நிமிடத்தில் ஆரம்பித்தது.

ஓடியிருப்பான். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் மனதை உறுத்தியது. காது கொடுத்துக் கேட்டேன். செருப்புச் சத்தம் இல்லை. சாவிச் சத்தம் இல்லை. முதல் மாடி என் தலைக்கு நேர் மேலே. அங்கே ஒரு விசிறி ‘டக்... டக்...’ என்று தட்டிக்கொண்டே சுற்றும். போன வாரம் கேட்டிருக்கிறேன். இப்போது அதுவும் இல்லை.

ஆறாவது அறை முடிந்து, ஏழாவது அறை ஓடிக்கொண்டிருந்தது.

மீட்டர் அறை வாசலில் நிழல் விழுந்தது.

சௌந்தரராஜன் நின்றிருந்தான். இரண்டு கையிலும் சர்பத் கிளாஸ்.

“மன்னிச்சுக்க மாப்ள. வயித்தக் கலக்கிருச்சு. பின்னாடிப் படி வழியா இறங்கி ஓடிட்டேன். தட்டு நின்னதும் நீயே தெரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன். இந்தா, நன்னாரி. குடி. முதல் மாடிய இப்பத்தான் ஆரம்பிக்கணும். ஒரு மணிக்குள்ள முடியுமா?”

நான் டார்ச்சைத் தட்டின் பக்கம் திருப்பினேன்.

அவன் பார்த்தான். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது.

“யாருடா மேலே?”

“நீதான்னு நெனச்சேன்.”

“காசிமாயனா?”

வாசல் வழியாக எட்டிப் பார்த்தேன். காசிமாயன் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

சௌந்தரராஜன் கிளாஸ்களைத் தரையில் வைத்தான். பாக்கெட்டைத் தட்டினான். சாவிக்கொத்து குலுங்கியது. மொத்தச் சாவியும் அவனிடம்தான் இருந்தது.

“நீ இரு. பாத்துட்டு வாரேன்.”

படியேறிப் போனான். அவன் செருப்புச் சத்தம் தெளிவாகக் கேட்டது. வராந்தாவின் கடைசிவரை போனது. நின்றது.

தட்டு நின்றது. அரை நிமிடம்.

தட்டு சுற்றியது. எட்டாவது அறை.

மேலே அவன் குரல். “யாருய்யா உள்ளே?”



கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தான். மெதுவாக, ஒவ்வொரு படியாக. உதடு வெளுத்திருந்தது.

“எட்டு ரூமும் பூட்டியிருக்கு. கடைசிக் கதவுல காத வச்சுக் கேட்டேன். சத்தமே இல்ல.”

“தெறந்து பாத்தியா?”

அவன் என்னைப் பார்த்தான். “நீ தெறப்பியா?”

நான் அவன் கையைப் பிடித்தேன். “போயிருவோம் சௌந்தர். எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிருவோம்.”

அவன் கையை விடுவித்துக்கொண்டான். என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஸ்டாப் வாட்சை என் விரல்களில் இருந்து எடுத்தான்.

“போனா என் வேலையும் போச்சு மாப்ள. இதத் திரும்ப எடுக்க நேரமும் இல்ல. அம்புட்டும் சரியாத்தானே வருது?”

“வருது.”

“அப்ப எழுது.”

தட்டு நின்றது. முதல் மாடி முடிந்துவிட்டது.

அடுத்து கீழ்த்தளம். நாங்கள் இருக்கும் தளம்.

அரை நிமிடம்...

தட்டு வேகமாகச் சுற்ற ஆரம்பித்தது. ஐந்தரை வினாடிக்கு ஒரு சுற்று. பெரிய கூடம். நான்கு விசிறி, ஆறு டியூப்லைட். கூடம் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம்.

ஜன்னலோ துவாரமோ, ஒன்று இருந்தது என்று சொன்னேன் அல்லவா? எழுந்து அதன் வழியாகப் பார்த்தேன். அடைத்த கதவுகளின் இடுக்கில் வந்த வெயில் தரையில் கோடாகக் கிடந்தது. மேசைகள். நாற்காலிகள்.

விசிறிகள் நின்றிருந்தன. நான்கும். இறக்கைகள் ஆடக்கூட இல்லை. விளக்கு எதுவும் எரியவில்லை.

“ஓடலடா...” என்றேன்.

“தட்டு ஓடுது” என்றான். அவன் கண் தட்டை விட்டு அகலவில்லை. “எழுது. அஞ்சரை.”

எழுதினேன்.

இப்போது யோசிக்கும்போது ஒன்று விளங்கவில்லை. பயந்தவன் எவனும் முதலில் விளக்கைப் போடுவான். சுவிட்சு என் கைக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. நாங்கள் இருவரும் அதைத் தொடவில்லை. தொட்டால் அளவு கெட்டுவிடும். அந்த நேரத்திலும் எங்களுக்கு அதுதான் மனதில் இருந்தது.

கூடம் முடிந்தது.

மேலாளர் அறை. மூன்று நிமிடம்.

ஸ்டோர் ரூம். மூன்று நிமிடம்.

நின்றது.

இனி ஓர் அறைதான் பாக்கி.

சௌந்தரராஜனின் மூச்சுச் சத்தம் கேட்டது. என் மூச்சும் கேட்டது. சர்பத்தில் ஐஸ் முழுதாகக் கரைந்திருந்தது. ஸ்டாப் வாட்சு ஓடிக்கொண்டிருந்தது.

பத்து வினாடி...

இருபது...

வாசல் வழியாக வந்த வெளிச்சம் குறைந்தது. மறைந்ததா, குறைந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. வாசலில் யாரும் இல்லை.

முப்பது.

‘டக்.’

கறுப்புச் சுவிட்சு. பழைய காலத்து உருண்டைச் சுவிட்சு. கீழே இறங்கியது. நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

பல்பு எரியவில்லை.

தட்டு சுற்றியது.

மெதுவாக... மிக மெதுவாக... ஒரு சுற்றுக்கு ஐம்பது வினாடி. அறுபது வாட் பல்புக்கு எவ்வளவு ஆக வேண்டுமோ அவ்வளவு.

என் இடது தோளுக்குப் பின்னால் வெப்பமாக இருந்தது. அறையே வெப்பம்தான். இது வேறு. யாரோ குனிந்து, என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி...

சௌந்தரராஜன் என் வலது பக்கத்தில் இருந்தான்.

நான் திரும்பவில்லை.

தட்டில் இருந்த கறுப்புக் கோடு ஒருமுறை வந்தது.

மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு முறை.

“எழுது” என்றான் சௌந்தரராஜன்.  உதடு மட்டும் அசைந்தது.

மூன்று முறை...

‘டக்.’

சுவிட்சு மேலே ஏறியது. தட்டு நின்றது. தோளுக்குப் பின்னால் இருந்த வெப்பம் விலகியது.

வெளியே ஒரு சைக்கிள் மணி கேட்டது. அதுவரை தெருவில் ஒரு சத்தம்கூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

சௌந்தரராஜன் என் கையிலிருந்த பேனாவை வாங்கினான். கடைசி எண்ணை அவனே எழுதினான். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு அன்று எல்லாவற்றையும்விட அதிகப் பயத்தைக் கொடுத்தது.

மணி ஒன்றாக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. காசிமாயனை எழுப்பிச் சாவியைக் கொடுத்தோம். “வேல முடிஞ்சுச்சா சார்?” என்றார். சௌந்தரராஜன் “முடிஞ்சிருச்சுண்ணே” என்றான். ஸ்கூட்டரில் ஏறினோம். பசுமலையில் என் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிடும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகும் அதைப் பற்றிப் பேசவில்லை. எட்டு மாதம்.

கட்டுரை போனது. அடுத்த ஜனவரியில் டில்லியிலிருந்து அங்கீகாரம் வந்தது. இருவர் பெயருக்கும் பதக்கம். பாராட்டுரையில் ஒரு வரி எனக்கு இன்னும் மனப்பாடம். மின்னழுத்தம் இவ்வளவு ஏறி இறங்கும் ஊரில், முதல் மாடியிலும் கீழ்த்தளத்திலும் இவ்வளவு சீரான அளவுகளை எடுத்திருப்பது வியப்புக்குரியது என்று எழுதியிருந்தார்கள்.

கல்லூரியில் விழா வைத்தார்கள். அங்கேயே சௌந்தரராஜனின் வேலை நிரந்தரம் என்று மேடையில் அறிவித்தார்கள். முன்வரிசையில் அவன் மாமனார் எழுந்து நின்று கை தட்டினார். அவன் மனைவி ராதாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் அளவுகளைத் தேதி, நேரத்தோடு பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

காபி குடிக்கும்போது நல்லகாமன் வந்தான். என்னோடு படித்தவன். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளன். முந்தின வருடம் தல்லாகுளம் பகுதி அவன் பொறுப்பில் இருந்தது.

“என்ன மாப்ள, பதக்கமெல்லாம் வாங்கிட்டு தேதியத் தப்பாப் போட்டிருக்கீங்க?”

“எந்தத் தேதி?”

அட்டையைக் காட்டினான். “இந்த ஞாயித்துக்கெழம. என் தங்கச்சிக்கு நிச்சயம். இலையில உக்காந்தவன எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, மறக்குமா? பன்னெண்டு அஞ்சுக்கு டிரான்ஸ்பார்மர் போயிருச்சு. உங்க பில்டிங்கு, அந்தத் தெரு, அம்புட்டும் செத்த லைனு. ராத்திரி ஏழு மணிக்குத்தான் உயிர் குடுத்தோம்.”

நான் சௌந்தரராஜனைப் பார்த்தேன். அவன் தோளில் பொன்னாடை. கையில் காபி டம்ளர். ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

“ஆமாண்ணே. தேதியத் திருத்திடுறோம்” என்றான்.

நல்லகாமன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அன்று கட்டிடத்தில் மின்சாரம் இல்லை. அந்த வருடம் கரண்ட் போனால் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. காசிமாயன் சொல்லவில்லை. சர்பத் கடைக்காரர் சொல்லவில்லை. எங்களில் ஒருவர் ஒரே ஒரு சுவிட்சைப் போட்டுப் பார்த்திருந்தாலும் அங்கேயே தெரிந்திருக்கும்.

எல்லோரும் போன பிறகு சௌந்தரராஜன் என் பக்கத்தில் வந்து நின்றான். பொன்னாடையை எடுத்து மடித்தான். பிறகு சொன்னான்.

“வேல கெடைச்சிருச்சு மாப்ள. குடுத்தது யாருன்னுதான் தெரியல.”

இப்போது 1989. சௌந்தரராஜன் நான்கு வருடம் அந்த வேலையில் இருந்தான். ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. இரண்டாவது வருடம் தன் வீட்டு மின் இணைப்பை எழுதிக் கொடுத்துத் துண்டிக்கச் சொன்னான். மீட்டரைக் கழற்றி எடுத்துப் போகச் சொன்னான். மின்துறைப் பேராசிரியர் வீட்டில் அரிக்கேன் விளக்கு என்று மாணவர்கள் கேலி செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் வீட்டைப் பூட்டிவிட்டு மனைவியையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கூட்டமுள்ள இடமாகப் பார்த்துப் போய்விடுவான் என்று ராதாமணி பின்னால் சொன்னாள். போன வருடம் காய்ச்சலில் படுத்தான். அப்படியே இறந்துவிட்டான். நாற்பத்தொரு வயது.

ராதாமணி மகளோடு முனிச்சாலையில் அப்பா வீட்டில் இருக்கிறாள். நல்லகாமன் திருநெல்வேலிக்கு மாற்றலாகிப் போனான். காசிமாயன் வேலையை விட்டுவிட்டு உசிலம்பட்டிப் பக்கம் மகனோடு இருப்பதாகக் கேள்வி. அந்தக் கட்டிடத்தில் புது வயரிங் போட்டார்கள். இன்றும் ஆட்கள் அங்கே வேலை செய்கிறார்கள். யாரும் எதுவும் பார்த்ததாகச் சொல்லவில்லை. எங்கள் கட்டுரை நூலகத்தில் இருக்கிறது. அதில் ஆராய்ச்சி செய்தவர்கள் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன.